முந்நூற்று நாற்பத்திரண்டு வோல்ட்

"முந்நூத்தி நாப்பத்திரண்டு," என்று சொல்லி, செல்போனை அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினான் பேட்டரிக்காரன். காலை ஒன்பது மணி. அந்தக் கார் ஷெட்டில் கார் போக மிச்சம் இருந்தது ஒரு முழம் அகலம்தான். கதவைப் பாதி திறந்து அந்த இடுக்கில் தன் தொப்பையையும் சமாளித்துக்கொண்டு நின்றிருந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே அவன் செருகி வைத்திருந்த தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று, காரின் பேட்டரி வோல்ட்டேஜைப் புளூடூத்தில் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அக்கா போனைப் பார்க்கவில்லை. எட்டி, காரின் டேஷ்போர்டைப் பார்த்தாள். அங்கே முப்பத்தொன்று சதவீதம் என்று இருந்தது.

"இங்க முப்பத்தொண்ணுன்னு காட்டுதேடா. அறுபது கிலோமீட்டர் ஓடணும். போதுமா?"

"சதவீதமெல்லாம் பரீட்சைக்குத்தான்க்கா. பேட்டரிக்கு வோல்ட்டுதான் பேச்சு. போன வாரம் இதுல எழுபதுன்னு காட்டினப்ப எவ்வளவு இருந்துச்சு? முந்நூத்தி நாப்பத்தாறு. இப்ப நாப்பத்திரண்டு. மொத்தமே நாலு வோல்ட்டு இறங்கியிருக்கு. அதுக்குள்ள பாதி பேட்டரி காலியாயிடுமா? பழைய காரு, மீட்டர் பொய் சொல்லுது. கண்ண மூடிக்கிட்டுப் போ."

"கண்ண மூடிக்கிட்டு எப்படிடா வண்டி ஓட்டுறது?" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். சிரிக்கிற உரிமை அவனுக்கு இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பேட்டரிக் கடை. காருக்கு, லாரிக்கு, வீட்டு இன்வெர்ட்டருக்கு என்று அவன் கை படாத பேட்டரி அந்தக் கடைத்தெரு வட்டாரத்தில் இல்லை. பன்னிரண்டே முக்காலை நெருங்கினால் நிறைகுடம், பன்னிரண்டே காலுக்கு வந்தால் பாதி, அதற்கும் கீழே அரை வோல்ட் போனால் கைகழுவ வேண்டியதுதான். இந்த எண்கள் அவனுக்குத் தன் வீட்டுக் கதவு எண்ணைப் போல. கடைத்தெருவில் அவனுக்குப் பெயரே 'பன்னெண்டு வோல்ட்டு'. கேலியாகத்தான் வைத்தார்கள்; அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். வாடிக்கையாளர் யாராவது மீட்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டால், ஒரு வசனம் வைத்திருந்தான். "சும்மா இருக்கிறப்ப எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான் சார். சுமை குடுத்தாத்தான் யோக்கியதை தெரியும்." ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வான்.

அக்கா பதினாறு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பள்ளிக்கூடம் வேன்களை விற்றுத் தலைமுழுகியபோது வீட்டில் உட்காராமல், வாடகைக்கு ஓட்ட, ஒரு கை மாறிய மின்சாரக் காரை வாங்கினாள். வாங்கும் முன் தம்பியைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். அவன் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடியில் நூற்று நான்கு செல்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் மூன்றேகால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று விற்றவர் சொன்னதும், மனதுக்குள் பெருக்கிப் பார்த்து ஒரு விசில் அடித்தான். பன்னிரண்டு வோல்ட்டில் விளையாட்டாகக் கை வைக்கலாம். முந்நூற்று நாற்பதில் வைத்தால் மறுநாள் கடை திறக்க ஆள் இருக்காது. அந்த ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தான். ஆனாலும் பேட்டரி பேட்டரிதானே என்கிற தைரியம் அவனுக்குக் குறையவில்லை. "வாங்குக்கா, சார்ஜ் விஷயத்த நான் பாத்துக்கிறேன்" என்றான்.

பார்த்துக்கொள்ளவும் செய்தான். ஷெட்டிலிருந்த பிளக்கில் காரைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் பிளக் தோசைக்கல்லாகச் சூடேறுவதை இரண்டு நாள் முன்னால் கண்டுபிடித்ததும் அவன்தான். உள்ளே போகிற வயர் மெல்லிசு. அதில் ராத்திரி முழுக்கப் பதினாறு ஆம்பியர் இழுத்தால் வயர் தாங்காது. உடனே பிளக்கைக் கழற்றிப் போட்டு, "மெயின் போர்டுலேர்ந்து தனி லைன், தனி எர்த், தனி ட்ரிப்பர். ஞாயித்துக்கிழமை போட்டுக் குடுத்துடறேன்" என்றான். அதெல்லாம் சரி. இடையில் இரண்டு ராத்திரி கார் சார்ஜ் இல்லாமல் நின்றது. அதுவரை ஓட பேட்டரியில் இருப்பது போதும் என்று சொன்னவனும் அவனேதான்.

அன்றைக்கு ஓட வேண்டியது தபால்காரருக்காக. ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர் போய் அவரை ஏற்றி, அங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்டரில் பன்னிரண்டரைக்குள் இறக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் தாமதமானால் அந்த மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு நாளை மறுநாள்தான். சென்டருக்கு எதிரிலேயே வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையம் இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அவர் மெஷினில் இருக்கிற நாலு மணி நேரத்தில் கார் வயிறு முட்டக் குடித்துவிடும். அக்காவின் முகத்தில் தெளிவு வராததைப் பார்த்து, "நானே கூட வர்றேன், கடைய மத்தியானம் தொறந்துக்கலாம்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

தபால்காரர் வாசலில் தயாராக நின்றார். கையில் ஒரு பை, பையில் ஒரு போர்வை. மெஷினில் படுத்தால் குளிரும். பின்சீட்டில் ஏறி, கால்களை நீட்டி வைத்துக்கொண்டார். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. டேஷ்போர்டு இருபது என்றது. பேட்டரிக்காரன் போனைப் பார்த்து, "முந்நூத்தி முப்பத்தேழு," என்றான் யாரும் கேட்காமலே.

"அது என்ன தம்பி, கிரிக்கெட் ஸ்கோரா?" என்று கேட்டார் தபால்காரர்.

"பேட்டரி வோல்ட்டேஜுங்க ஐயா. நல்லாயிருக்கு."

எதிர்காற்று அன்றைக்குப் பலமாக இருந்தது. சாலை மெதுவாக மேடேறிக்கொண்டே போனது. டேஷ்போர்டில் பதினாறு, பதினான்கு, பதினொன்று. அக்கா கையை நீட்டி ஏசியை அணைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தாள். லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. அவள் கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்திலேயே அவள் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அது அவனுக்குச் சுருக்கென்று குத்தியது. "முந்நூத்தி முப்பதுக்கா," என்றான், கொஞ்சம் உரக்கவே.

ஏழு சதவீதத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கார் ஒரு செங்குத்தான மேட்டில் ஏறத் தொடங்கியது. போனில் முந்நூற்று இருபத்தெட்டு என்றிருந்தது; "இன்னும் முந்நூத்தி..." என்று அவன் ஆரம்பித்தபோதே இருபத்துநான்கு ஆனது. பத்தொன்பது. பதினான்கு. காலையிலிருந்து அசைந்து கொடுக்காத எண், கயிறு அறுந்த வாளி போல இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டின் உச்சியில் முந்நூற்றுப் பதினொன்று. அவன் வாய் திறந்தபடியே நின்றுபோயிற்று. பின்சீட்டில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்கா இண்டிகேட்டரைப் போட்டு, நிதானமாக ஓரங்கட்டினாள். ஆறு சதவீதம்.

"இன்னும் கொஞ்சம் ஓடும்க்கா," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"ஓடும். எங்க நிக்கும்னு சொல்லு."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அப்ப இதுக்கு மேல ஓட்ட மாட்டேன். அதுவா நடுரோட்டுல நிக்கிறத விட நானா நிறுத்துறது மேல்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். பிறகு திரும்பி, "ஐயா, சென்டருக்கு இன்னும் எவ்வளவு?" என்றாள்.

"பதினாலு," என்றார் தபால்காரர். வரைபடம் பார்க்கவில்லை. "இந்த ரோட்டுல பதினேழு வருஷம் சைக்கிள் மிதிச்சவன்ம்மா நான். இந்த இறக்கத்துல முந்நூறு அடி போனா ஒரு மரப்பட்டறை. அங்க கரண்ட் இருக்கும். நல்ல மனுஷன். ஆனா சிடுசிடுன்னு இருப்பான்."

மணி பத்தே முக்கால். அக்கா தெரிந்த டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டாள். அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். கார் இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு, பட்டறை வாசலில் நின்றது.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. காதில் பென்சில் செருகிய பட்டறைக்காரர் மெஷினை நிறுத்தாமலே விஷயத்தைக் கேட்டார். தபால்காரரின் காலைப் பார்த்தார். "போட்டுக்கோங்க" என்று சுவரிலிருந்த பெரிய பிளக்கைக் காட்டினார். பிறகு, "பெட்ரோல் போடாம கெளம்புற ஆளப் பாத்திருக்கேன். கரண்டு வண்டிக்காரங்களும் அதே ரகம்தானா?" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியைக் காப்பாற்றுகிற மாதிரி ஏதோ ஒரு பொய், அவனுக்கு அது தெரிந்தது. அவன் முந்திக்கொண்டான்.

"அவங்க கேட்டாங்க. போதும்னு சொன்னது நான். பேட்டரிக் கடை வச்சிருக்கேன். என் கணக்கு தப்பாப் போச்சு."

சொல்லி முடித்ததும் காது மடல்கள் சூடாயின. பட்டறைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பினார்.

எப்போதும் இடுப்பில் தொங்கும் மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தான். இருநூற்று இருபத்தெட்டு. அருமையான வோல்ட்டேஜ். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினான். சும்மா இருக்கிறப்ப எல்லாமே நல்லதுதான். மீட்டரைப் பக்கத்துத் துளையில் வைத்தபடியே, டிக்கியிலிருந்து எடுத்து வந்த சார்ஜரைப் போட்டான். இருநூற்று நான்குக்கு இறங்கியது. ஒரு பலகை மெஷினுக்குள் போனது, நூற்று எண்பத்தாறு. சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, கார் கரண்ட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டது.

இந்த இடம் அவனுக்குத் தெரிந்த இடம். பட்டறைக்கு வருவது தூரத்திலிருந்து வரும் மெல்லிசு லைன். மெஷினும் காரும் சேர்ந்து இழுத்தால் அதற்கு மூச்சு வாங்கும். சார்ஜர் பெட்டியிலிருந்த பொத்தானை அழுத்தி, பதினாறு ஆம்பியரைப் பத்துக்குக் குறைத்தான். மெஷின் ஓடுகிறவரை அதுவும் போதாது.

"அண்ணே, ஒரு மணி நேரம் மெஷின நிறுத்தணும்," என்றான்.

"நிறுத்திட்டு? மூணு மணிக்குக் கதவு ஏத்த வண்டி வருது. கதவு தானா இழைச்சுக்குமா?"

"இழைச்சு வச்சிருக்கிற கதவத் தேய்க்கணும்ல? அத நான் தேய்க்கிறேன். நீங்க மெஷின் இல்லாத வேலையப் பாருங்க."

பட்டறைக்காரர் அவன் தொப்பையைப் பார்த்தார். "உப்புத்தாள் பிடிச்சிருக்கியா?"

"பேட்டரி டெர்மினல் தேய்ச்சிருக்கேன்."

"அது கட்டைவிரல் தண்டி. இது ஏழடி."

ஆனாலும் மெஷின் நின்றது. கொட்டகைக்குள் சட்டென்று நிறைந்த அமைதியில், காரிலிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. பச்சை விளக்கு. மீட்டரில் இருநூற்றுப் பதினொன்று, அசையாமல். புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தான், வெதுவெதுப்புக்கூட இல்லை. கூட்டிப் பெருக்கிப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து, ஆறு சதவீதம் ஏறும். பதினாலு கிலோமீட்டருக்கு ஏழு வேண்டும், அதற்கு மேல் நாலாவது கையிருப்பு. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் போய்விடலாம். சதவீதத்தில் கணக்குப் போடுகிறோம் என்பது போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

தபால்காரரை ஒரு முக்காலியில் நிழலாக உட்கார வைத்தார்கள். பட்டறைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினார். "வேணாம்ப்பா. ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான் எனக்கு அனுமதி. ஒண்ணு காலையில ஆச்சு," என்று சொல்லி, வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பினார். அவ்வளவு தண்ணீரை வீணாகத் துப்புவதை அவர் கண் பின்தொடர்ந்தது. பேட்டரிக்காரன் அதைப் பார்த்தான். உப்புத்தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவின் மேல் குனிந்தான்.

கை ஓட ஓட, மனமும் ஓடியது. அவனுக்குத் தெரிந்த பேட்டரிகள் எல்லாம் படி இறங்குகிறவை. முக்கால், அரை, கால் என்று ஒவ்வொரு படியிலும் நின்று எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கும். இது அப்படி இல்லை. எழுபதிலும் முப்பதிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு சமதரையில் நடக்கிறது; கடைசியில் தரை முடிகிற இடத்தில் கிணறு. போன வாரமே அந்த நாலு வோல்ட்டைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எழுபது எங்கே, முப்பத்தொன்று எங்கே, நடுவில் இறங்கியது நாலே நாலு. அந்த வித்தியாசத்தைப் பார்த்து, கார் பொய் சொல்கிறது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. தான் தெரியாதவனாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

"ஏழு!" என்று காருக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எட்டு!"

முதல் கதவு முடியும்போது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புருவத்தில் மரத்தூள். அக்கா இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். தோளிலிருந்த துணியால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள், பட்டறைக்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சம் இல்லாமல்.

"அக்கா," என்றான் கதவைப் பார்த்தபடியே. "காலையிலயே உனக்குத் தெரியும்தானே?"

"சந்தேகம் இருந்துச்சு."

"பின்ன ஏன் கெளம்பின?"

கதவின் விளிம்பில் விரலை ஓட்டித் தூளைத் தட்டினாள். "பதினாறு வருஷம் வேன் ஓட்டுனேன். நீ போட்டுக் குடுத்த பேட்டரி ஒரு நாள்கூட என்னை நடுவழியில விட்டதில்ல. அந்தப் பழக்கம்தான். டேஷ்போர்டு ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. நான் உன் பக்கம் சாஞ்சுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். உப்புத்தாளைத் திருப்பிப் போட்டு, தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தான்.

"போதும்டா, அங்க ஓட்டை விழுந்துடப் போகுது," என்றாள் அக்கா. அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மரத்தூள் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு டேஷ்போர்டில் பதினொன்று என்று வந்தது. சார்ஜரைக் கழற்றி, பின்களைத் தொட்டுப் பார்த்து, சுருட்டி டிக்கியில் வைத்தான். தபால்காரரைக் கைத்தாங்கலாக ஏற்றினான். அக்கா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ஏறுடா," என்றாள்.

"நான் வரல. இன்னொரு கதவு பாதியில நிக்குது. சொன்ன சொல்லு இன்னொண்ணும் பாதியில நிக்க வேணாம்."

"அது சரி."

"அதோட என் எடை தொண்ணூறு கிலோ. அடுத்த மேட்டுல உனக்கே தெரியும்."

"அது ரொம்ப சரி," என்றார் பின்சீட்டிலிருந்து தபால்காரர்.

அக்கா சிரித்தாள். சாவியைத் திருகுவது மாதிரியான சத்தம் எதுவும் இல்லாமல் கார் உயிர் பெற்றது. கண்ணாடியை இறக்கி, அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள். "எவ்வளவு இருக்கு?"

அவன் போனைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, டேஷ்போர்டைப் பார்த்தான். "பதினொண்ணு சதவீதம். உனக்கு ஏழு போதும். ஏசி போடாத, அறுபதத் தாண்டாத, மேட்ல அழுத்தாத."

"வண்டி ஓட்ட எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு அக்கா கிளம்பினாள். அவள் ஓட்டுவதைப் பற்றி அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. போய்ச் சேர்ந்துவிடுவாள். இதைச் சொல்ல அவனுக்கு மீட்டர் வேண்டியிருக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தான். அது இன்னும் காரோடு பேசிக்கொண்டிருந்தது. முந்நூற்று முப்பத்துநான்கு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. கார் சின்னதாகி, வளைவில் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போனது. புளூடூத் எட்டாமல் போய், எண் முப்பத்தொன்றிலேயே நின்றுவிட்டிருந்தது.

போனைக் கதவின் ஒரு மூலையில் மல்லாக்க வைத்தான். அக்கா கூப்பிட்டால் கண்ணில் பட வேண்டும். பட்டறைக்காரர் மெஷினைப் போட்டார்; தலைக்கு மேல் தொங்கிய பழைய குண்டு பல்பு ஒரு கணம் மங்கி, மறுபடி நிமிர்ந்தது. பேட்டரிக்காரன் உள்ளங்கையால் கதவைத் தடவி, சொரசொரப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பிடித்தான். அங்கிருந்து தேய்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் மெல்லிய மரத்தூள் எழும்பி, அந்தத் திரையின் மேல், அந்த எண்ணின் மேல், படிந்துகொண்டே இருந்தது.